காத்துப் பட்டா செத்துடும்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க லேப்ல எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோவத்துல முக்காவாசிக்குக் காரணம் ஒரு ஸ்டீல் தொட்டி. இருபது லிட்டர் புடிக்கும். மூடிய இறுக்கி போல்ட்டு போட்டிருக்கும். மூடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பக்கத்துல சங்கிலி போட்டுக் கட்டின ஆளுயர சிலிண்டர், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ட்யூப். ஒரு தடவ பெரிய மனுஷர் ஒருத்தர் லேபப் பாக்க வந்தாரு. வந்தவரு அந்தத் தொட்டி மேல முழங்கைய ஊனிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சாரு. "கைய எடுங்க சார், அது மேசை இல்ல"ன்னு சொல்லிட்டேன். எங்க மேடத்துக்கு மூஞ்சியே செவந்து போச்சு. அவரு கிளம்பினப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

மேடம் கன்னடக்காரங்க. விஞ்ஞானி. என்னை விட பத்து வயசு சின்னவங்க, அதனால என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. நான் டெக்னீஷியன். கோலார் தங்கவயல்ல பொறந்து, ரயில் புடிச்சு வேலைக்கு வந்து, அப்புறம் முடியாம எலெக்ட்ரானிக் சிட்டியில லேபுக்குப் பக்கத்துலயே வாடகைக்கு வந்துட்டேன். பதினாலு வருஷமா அந்தத் தொட்டிய நான்தான் பாத்துக்கறேன்.

தொட்டிக்குள்ள இருக்கறது பாக்டீரியா. அதுங்களுக்குக் காத்து ஆகாது. நமக்கு மூச்சுக்குக் காத்து வேணும் இல்லியா, அதுங்களுக்கு க்ளோரின் இருக்கிற விஷம் வேணும். மெஷின் பார்ட்ஸ்ல ஒட்டின கிரீஸக் கழுவ ஒரு சால்வென்ட் இருக்குது. அதுல மூணு க்ளோரின் ஒட்டிக்கிட்டிருக்கும். அத மண்ணுல ஊத்தினா சீக்கிரத்துல மக்காது. தண்ணிய விட கனம், கீழ எறங்கி நிலத்தடித் தண்ணிக்கு அடியில போய் உக்காந்துக்கும். அப்புறம் வருஷக்கணக்கா அசையாது. எங்க பூச்சிங்க அந்த க்ளோரின ஒண்ணொண்ணா புடுங்கும். மூணு ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும், கடைசியில ஒண்ணும் இருக்காது. மிஞ்சறது வாழக்காயப் பழுக்க வெக்கிற அந்த வாயுதான்.

கேக்க சுலபமா இருக்குது இல்ல? நடுவுல ஒரு கண்டம் இருக்குது. ஒத்த க்ளோரின்ல நிக்கிற கட்டம். அது மூணு க்ளோரின் இருக்கிறத விட மோசம், கேன்சரக் கொண்டாந்து விடற சரக்கு. அந்தக் கடைசி க்ளோரினப் புடுங்க தொட்டியில ஒரே ஒரு வகைக்குத்தான் தெரியும். மத்ததெல்லாம் முரடுங்க, கொஞ்சம் காத்து பட்டாலும் சமாளிச்சுக்கும். இந்த ஒரு வகை பச்ச ஒடம்புக்காரி மாதிரி. லேசா காத்து பட்டா போச்சு. அது மட்டும் செத்து மத்ததுங்க பொழச்சிருந்தா என்ன ஆகும்? மூணு க்ளோரின் விஷத்த ஒத்த க்ளோரின் விஷமா மாத்திட்டு, வேலை முடிஞ்சிதுன்னு உக்காந்துக்கும். இருந்த தண்ணிய விட மோசமான தண்ணி. இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

அந்தத் தண்ணி யாரோடதுன்னும் சொல்லணும். ஆனேக்கல் போற வழியில மூடிக் கெடக்கிற ஒரு ஃபாக்டரி. அது பின்னாடி காம்பவுண்டு சுவர ஒட்டி ஒரு தெரு. ஃபாக்டரி ஓடின காலத்துல கழுவின சால்வென்ட்ட பின்னாடி ஒரு குழியில ஊத்தியிருக்காங்க. தெருவுக்கு ஒரே ஒரு போர்வெல். அந்தத் தண்ணியில தித்திப்பா ஒரு வாடை வரும். மாசம் ஒரு தடவ நான் அங்க போயி பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டு வருவேன். முதல் வீட்டு அம்மாதான் மோட்டாரப் போட்டு விடுவாங்க. என் வயசுதான் இருக்கும், கிருஷ்ணகிரிப் பக்கத்துலேர்ந்து வந்து குடியேறினவங்க. "டேங்கர் வராத நாள்ல இதத்தான் ஒலையில ஊத்தறோம், வேற என்ன பண்றது"ன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "எப்பம்மா சரியாவும்?" பர்மிஷன் எல்லாம் வந்தப்புறம் ஒரு நாள் வாயெல்லாம் பல்லா சொன்னேன்: "ஆயுத பூஜை முடிஞ்ச திங்கக்கிழமை மருந்து விடறோம்மா." பாக்டீரியான்னு சொன்னா பயந்துடுவாங்கன்னு மருந்துன்னேன்.

எங்க ஆளுங்களுக்கு ஆயுத பூஜைன்னா என்னன்னு பெங்களூர்ல ஒரு வாரம் இருந்தாப் போதும், தெரிஞ்சிடும். பஸ்ஸுக்கு வாழமரம் கட்டுவாங்க, ஆட்டோவுக்கு மாலை, கம்ப்யூட்டருக்கு சந்தனம். எங்க லேப்லயும் எல்லா மெஷினையும் நிறுத்தித் தொடச்சு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, ஒரு நாள் ஓய்வு குடுப்போம். தொட்டிக்கு மட்டும் ஓய்வு கிடையாது. சிலிண்டர்லேர்ந்து வாயு போயிட்டே இருக்கணும். உள்ள அழுத்தம் கொறஞ்சா வெளிக்காத்து புகுந்துடும். அதுக்காகவே வால்வுல ஒரு அட்டை தொங்க விட்டிருந்தேன். 'எக்காரணம் கொண்டும் மூடாதே'ன்னு மூணு பாஷையில, என் கையெழுத்துல.

அந்த அட்டையத் தூக்கிப் பாத்து வால்வ மூடினது நான்தான்.

எப்பிடின்னு கேளுங்க. அந்த சிலிண்டர்ல ஹைட்ரஜன் கலந்திருக்கும். அந்த வருஷம் ஸ்டோர் பாக்கிற தம்பிதான் பூஜை பண்ணினாரு. அல்சூர்ப் பக்கம் நாலு தலைமுறையா இருக்கிற குடும்பம், நாப்பது வயசு, பூஜைன்னா விட்டுக் குடுக்காத ஆளு. வாயு அளக்கிற ஜி.சி. மெஷினுக்குக் காட்டினாரு, ஃப்ரீசருக்குக் காட்டினாரு, தட்டோட அப்பிடியே சிலிண்டர் பக்கம் திரும்பினாரு. ஒரு சாண் தூரத்துல கற்பூரம் கொழுந்து விட்டு எரியுது. "யோவ், நில்லுய்யா! ஹைட்ரஜன் இருக்குது!"ன்னு கத்தினேன். "அக்கா, தொட்டிக்குக் காட்டாம விட்டா கோச்சுக்கும்"னு சிரிக்கிறாரு. நானும் அப்பிடி நெனக்கிறவதான், அதுதான் வினை. திங்கக்கிழமை அந்தத் தொட்டி வெளிய போகப் போவுது, நல்ல காரியம், ஒரு கற்பூரம் காட்டாம எப்பிடி அனுப்பறது? "இரு, ரெண்டு நிமிஷம்"னு சொல்லி வால்வ மூடினேன். ட்யூப்புல இருந்த மிச்ச வாயு போக விட்டு, கற்பூரம் காட்டி, எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டோம்.

அப்புறம் வாசல்ல பூசணிக்கா ஒடைக்கக் கூப்பிட்டாங்க. பொரி கடலை பொட்டலம் குடுத்தாங்க. ரோட்டுல செதறின பூசணிக்காய ஓரம் தள்ளலன்னு நான் யாரையோ புடிச்சுத் திட்டினது கூட ஞாபகம் இருக்குது, வண்டி வழுக்குமேன்னு. அந்த அக்கறை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பையத் தூக்கினேன், வீட்டுக்கு நடந்துட்டேன். மறுநாள் விஜயதசமி லீவு.

வெள்ளிக்கிழமை காலையில எட்டரைக்கு உள்ள நுழஞ்சேன். வெளக்கப் போட்டேன். தொட்டிக் கண்ணாடியப் பாத்தேன். தொட்டித் தண்ணியில நாங்க ஒரு சாயம் கலந்து வெப்போம். காத்து இல்லாத வரைக்கும் அதுக்கு நிறமே இருக்காது, தண்ணி கஞ்சித் தெளிவாட்டம் இருக்கும். காத்து புகுந்துட்டா ரோஸ் ஆகும். கண்ணாடிக்குள்ள ரோஸ்மில்க் மாதிரி இருந்துச்சு.

வால்வு மூடியிருக்குது, அட்டை அது மேலயே தொங்குது. உள்ள இருந்த ஹைட்ரஜன பூச்சிங்களே தின்னுட்டு அழுத்தத்தக் கொறச்சிருக்குதுங்க, மூடி ரப்பர் வழியா காத்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்குது. ஒன்றரை நாளா. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்னு சத்தமாவே சொன்னேன். கேக்கத்தான் ஆளு இல்ல.

வால்வத் தொறந்தேன். வாயு உஸ்னு போச்சு. காத்த முறிக்கிறதுக்கு ஒரு மருந்து வெச்சிருப்போம், கந்தகம் கலந்தது, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அத ஊசியில ஏத்தி உள்ள விட்டேன். கண்ணாடிகிட்ட கண்ண வெச்சுப் பாத்துக்கிட்டே நின்னேன். அரை மணி, முக்கா மணி. ரோஸ் வெளிறி, வெளிறி, காணாமப் போச்சு. பழையபடி கஞ்சித் தண்ணி. பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அங்கதான் எனக்கு அந்த எண்ணம் வந்துச்சு. நிறம் போயிடுச்சு, யாருக்குத் தெரியப் போவுது? ஆனா செத்தது செத்ததுதானே. சாயம் தெளிஞ்சிடுச்சுங்கிறதால செத்த பூச்சி எழுந்து வராது.

ஸ்டோர் தம்பி உள்ள வந்தாரு. மூக்க உறிஞ்சினாரு. "அக்கா, அன்னைக்கு வால்வ மூடினீங்களே, தொறந்துட்டுத்தானே போனீங்க?"

"என் வேலைய எனக்கு நீ சொல்லித் தர்றியா?" எடுத்த எடுப்புலயே கத்திட்டேன். "பதினாலு வருஷமா பாக்கறேன். உன் ஸ்டோரப் போய்ப் பாரு."

அந்த மனுஷன் மூஞ்சி சுண்டிப் போச்சு. திரும்பி ஸ்டோருக்குப் போயிட்டாரு. என் கோவம் எதுக்கு உபயோகப்படுதுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

பத்து மணிக்கு மேடம் வந்தாங்க. புதுப் பொடவை, தலையில மல்லி. கண்ணாடியில எட்டிப் பாத்தாங்க. "எல்லா சரியா அக்கா?"

"சரியா இருக்குது மேடம்."

வாய் கூசாம சொன்னேன்.

மேடத்துக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நான் பாத்துக்கிட்ட தொட்டி ஆச்சே. அவங்க கடைசியா சரிபாத்த ரிசல்ட் பூஜைக்கு முந்தின வாரம் எடுத்தது, அதுல எல்லாம் பிரமாதம். அத வெச்சுக்கிட்டு பம்பு, வேன், குழாய்னு திங்கக்கிழமைக்கு எல்லாத்தையும் ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

நான் திருட்டுத்தனமா ஒரு காரியம் பண்ணினேன். தொட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து ஒரு சின்ன பாட்டில்ல அடச்சு, அதுக்கு மூணு க்ளோரின் சரக்குல ஒரு சொட்டு குடுத்தேன். நல்லா இருக்கிற பூச்சிங்கன்னா ஒரு நாள்ல தின்னு முடிச்சு வாழக்கா வாயுவாக்கிடும். ஜி.சி. மெஷின்ல ஒரு ஊசி வாயு போட்டா எது எவ்வளவு இருக்குதுன்னு கோடு கோடா எழும்பிக் காட்டும். முதல்ல எழும்பற கோடு வாழக்கா வாயு. ரெண்டாவது, அந்த ஒத்த க்ளோரின். எனக்கு முதல் கோடு வேணும். ரெண்டாவது கோடு வேணாம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை போட்டுப் பாத்தேன். முதல் எடத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டாவது கோடு குட்டியா எழும்பியிருந்துச்சு. இன்னும் நேரம் ஆகலன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை லேபுக்கு யாரும் வர மாட்டாங்க, நான் போனேன். ரெண்டாவது கோடு கம்பமாட்டம் நிக்குது. முதல் எடம் வழிச்சு விட்ட மாதிரி இருக்குது. ஊசி சரியில்லையோன்னு வேற ஊசி போட்டேன். மெஷின் மேல பழி போட்டு அதையும் ஒரு தடவ சரிபாத்தேன். அதே கோடுதான் வந்துச்சு. வீட்டுக்குப் போயி சோத்தப் பெசஞ்சு வெச்சுட்டு அப்பிடியே உக்காந்திருந்தேன்.

ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். மேடம் நம்பர் என் கையிலதான் இருக்குது. ரெண்டு தடவ எடுத்தேன், ரெண்டு தடவ வெச்சேன். வேலை போயிடுமோன்னு பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத விடப் பெரிய பயம் வேற. ஊரையெல்லாம் திட்டினவ நான். ட்யூப்பத் தாண்டினான்னு திட்டினேன், மூடியத் தொட்டான்னு திட்டினேன். அவங்க எல்லாரும் என்னைப் பாத்து ஒரு வார்த்தை கூட சொல்ல வேணாம், சும்மா பாத்தாப் போதும். அத நெனச்சாலே ஒடம்பு கூசுச்சு. இவ்வளவுதான் என் பிரச்சனை. அந்தப் பக்கம் ஒரு தெருவே தண்ணி குடிக்குது, இந்தப் பக்கம் என் மானம். எழுதும்போது எனக்கே அசிங்கமா இருக்குது.

திங்கக்கிழமை காலையில கடைசியா ஒரு ஊசி போட்டேன். அதே கம்பம். மெஷின் அச்சடிச்ச தாளக் கிழிச்சு மடிச்சு கைப்பையில வெச்சேன். வேன் வந்துடுச்சு.

தொட்டிக்குப் பக்கத்துல நான், சிலிண்டரப் புடிச்சிக்கிட்டு ஸ்டோர் தம்பி, முன்னாடி மேடம். வெள்ளிக்கிழமையிலேர்ந்து அந்தத் தம்பி என்கிட்ட பேசல. வேன் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும்போதும் இப்ப சொல்லிடணும், இப்ப சொல்லிடணும்னு நெனப்பேன். வேன் எறங்கிடும், நான் வாயத் தொறக்க மாட்டேன். முன்னாடி உக்காந்திருந்த மேடம் ஃபோன்ல யார்கிட்டயோ கன்னடத்துல சந்தோஷமா பேசிட்டு வந்தாங்க.

ஃபாக்டரிக்குள்ள இதுக்குன்னே புதுசா போட்ட போர்வெல் பக்கத்துல தொட்டிய எறக்கினோம். காம்பவுண்டு சுவர் ஒரு எடத்துல இடிஞ்சிருக்கும். அந்த வழியா முதல் வீட்டு அம்மா வந்து நின்னாங்க. குளிச்சுத் தலை முடிஞ்சு, கையில ஒரு தட்டு. வெத்தலை, பாக்கு, ஒரு சீப்பு வாழப்பழம். "நல்ல காரியம், வெறுங்கையோட எப்பிடி வரதுன்னு கொண்டாந்தேன்"னாங்க.

மேடம் மண்டி போட்டு உக்காந்து குழாயத் தொட்டியில மாட்டினாங்க. இன்னொரு முனைய போர்வெல்லுக்குள்ள எறக்கினாங்க. தம்பி ஜெனரேட்டரப் போட்டாரு. மேடம் பம்பு சுவிட்ச்சு மேல கைய வெச்சு என்னைப் பாத்தாங்க. "அக்கா, நீங்க போடுங்க. இது உங்க கொழந்தை இல்லவா?"

"போடாதீங்க மேடம்."

ஜெனரேட்டர் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. "ஏனு?"ன்னு கேட்டாங்க, என்னன்னு.

"போடாதீங்க! செத்துடுச்சு! கடைசி வகை செத்துடுச்சு. நான்தான் வால்வ மூடிட்டுப் போயிட்டேன். ரோஸ் ஆயிடுச்சு. மருந்து போட்டு நிறத்த எடுத்துட்டேன். ஒத்த க்ளோரின்லயே நிக்குது." கத்தித்தான் சொன்னேன், சத்தத்துக்காக. பையிலேர்ந்து தாள எடுத்து நீட்டினேன்.

தம்பி ஜெனரேட்டர நிறுத்தினாரு. மேடம் தாளப் பிரிச்சுப் பாத்தாங்க. அப்புறம் குழாயக் கழட்டி, முனைய ஒரு துணியால தொடச்சு, சுருட்டி வெச்சாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா தேவலாம்.

"ஹௌதா அக்கா," அப்பிடியான்னு கன்னடத்துல கேட்டாங்க. "வெள்ளிக்கிழமை நான் உங்ககிட்ட கேட்டேனே." லேப் ஃப்ரிட்ஜ்ல சின்ன பாட்டில்ல அதே பூச்சிங்க கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கோம். அதுலேர்ந்து மறுபடி வளக்கணும், மெதுவா வளர்ற ஜீவன், ஒரு வருஷம் ஆகும். அது ரெண்டு பேருக்கும் தெரியும். மேடம் சுவர்ப் பக்கம் கை காட்டினாங்க. "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

தம்பி என் கையிலேர்ந்து ட்யூப்ப வாங்கிக்கிட்டாரு. "போங்கக்கா, தொட்டிய நான் பாத்துக்கறேன்"னாரு. அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சேன், வாய் வரல. அப்புறம் கேட்டேன், அது வேற நாள்.

அந்த அம்மாகிட்ட போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னிருந்தாங்க, ஆனா பாதி புரியல. முதல்லேர்ந்து சொன்னேன். வால்வு, கற்பூரம், நிறம், பொய். இன்னைக்கு இத விட்டிருந்தா ஒங்க தண்ணி இப்ப இருக்கிறத விட மோசமா ஆகியிருக்கும்னு சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு சொன்னேன். தட்டு அவங்க கையில அப்பிடியே இருந்துச்சு.

"எப்பத்திலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயம்மா. எல்லாரும் என்னை என்ன நெனப்பாங்களோன்னு."

திட்டப் போறாங்கன்னு தலையக் குனிஞ்சேன். அவங்க ஃபாக்டரிப் பின்பக்கம், புல்லு மொளச்சு மேடு தட்டிப் போன அந்தக் குழியப் பாத்துட்டிருந்தாங்க.

"எங்க வீட்டுக்காரரு இங்கதான் வேலை செஞ்சாரு," அப்பிடின்னாங்க. "டிரம்ம உருட்டினு வந்து அந்தக் குழியில கவுக்கறது அவருதான். தண்ணியில எறங்குதுன்னு அவருக்குத் தெரியும். சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு வாயே தொறக்கல. ஒம்பது வருஷம் கழிச்சு, படுத்த படுக்கையானப்புறம்தான் என்கிட்ட சொன்னாரு."

நான் நிமிந்து பாத்தேன். அவங்க கண்ணுல தண்ணி எதுவும் இல்ல.

"அது வரைக்கும் இந்த போர்வெல் தண்ணிய நான் மோந்து குடுப்பேன், ஒரு வார்த்தை பேசாம வாங்கிக் குடிப்பாரு. எங்க பொண்ணு தண்ணி கேட்டா, அவரே எழுந்து போயி அதே தண்ணிய மோந்து குடுப்பாரு."